நாலாம் மேசை

என் பொண்டாட்டி இந்த இல்லத்தில் இரண்டு மாதம் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. சாயங்காலச் சாப்பாடும் இல்லை. ஐம்பத்தாறு கிலோ இருந்தவள் நாற்பத்தேழுக்கு வந்துவிட்டாள். அதுதான் நடந்தது.

இங்கே சாப்பாடு எப்படி என்று கேட்டீர்களே, அதற்குத்தான் சொல்கிறேன். உட்காருங்கள் தம்பி. அம்மாவைச் சேர்க்கத்தானே வந்திருக்கிறீர்கள்? மேனேஜர் வர அரைமணி ஆகும். அந்த ஃபேன் ஓடாது. சுவிட்சைத் தட்டிப் பிரயோஜனமில்லை, நான் தட்டிப் பார்த்தாயிற்று.

அவள் பேர் தெய்வாத்தாள். மறதி. வயசானால் வருகிற சாதாரண மறதி இல்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போகிற மறதி. இரண்டு தடவை போலீஸ்காரர் கூட்டிவந்து விட்டார். அப்புறம்தான் இங்கே கொண்டுவந்தேன். என்னால் சமைக்க முடியாது, பார்த்துக்கொள்ளவும் முடியாது. முடியாததை முடியாது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

சேர்க்கும்போது பெரிய டாக்டர் பரீட்சை மாதிரி ஒன்று வைத்தார். இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழைக் கழி. என்னைக் காட்டி இவர் யார் என்றார். "வீட்டுக்காரரு" என்றாள். பேரைச் சொல்லுங்கள் என்றார். சிரித்தாள், சொல்லவில்லை. புருஷன் பேரை அவள் எந்தக் காலத்தில் சொன்னாள்? டாக்டர் அதற்கும் ஒரு மார்க்கைக் குறைத்துக்கொண்டார். படித்தவர்.

அப்புறம் ரெஜினா சிஸ்டர் ஒரு ஃபாரம் கொடுத்தார். ரெஜினா சிஸ்டர்தான் இங்கே எல்லாம். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு கேள்வி. நான் எழுதினேன்: அரிசிம்பருப்பு சாதம், கத்திரிக்காய்ப் பொரியல், கெட்டித் தயிர்.

"இது உங்களுக்குப் பிடிச்சதா அய்யா, அம்மாவுக்குப் பிடிச்சதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"வீட்ல எப்படிச் சாப்பிடுவாங்க? எத்தனை மணிக்கு? மேசையிலயா, கீழயா?"

"நான் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவேன். எனக்கெப்படித் தெரியும்?"

அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். வேலையில் அரைகுறை. அன்றைக்கே எனக்கு அந்தம்மாவைப் பிடிக்கவில்லை.

நான் மில்லில் மேஸ்திரியாக இருந்தவன். முப்பத்திரண்டு வருஷம், முந்நூறு பேரை வேலை வாங்கினேன். மேல் பார்வை இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. அதனால் தினம் வந்துவிடுவேன். காலை பதினோரு மணிக்கு வீட்டில் சாப்பாடு. ஷிப்டுக்குப் போன காலத்திலிருந்து அதே நேரம். முன்னே அவள் போடுவாள், அவள் இங்கே வந்தபிறகு தெருமுனை மெஸ்ஸிலிருந்து வந்தது. சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினால் பன்னிரண்டேகாலுக்கு இங்கே இறங்கலாம். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி. அவள் நாற்காலி பக்கத்தில் நின்றுகொள்வேன். ஆறு மணிக்கு ராத்திரிச் சாப்பாட்டைக் கொடுத்துவிடுவார்கள். அதையும் நின்று பார்த்துவிட்டு ஏழு மணி பஸ். நானாக ஒருநாள் தப்பியதில்லை. இங்கே வருகிற மற்ற ஆட்களைப் பாருங்கள். மாசத்துக்கு ஒருமுறை ஆப்பிளோடு வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள்.

அப்போதெல்லாம் இந்த இல்லத்தில் நான் ஒரு வாய் தண்ணி குடித்ததில்லை. பொண்டாட்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அவள் பேரைச் சொல்லித் தானும் சாப்பிடுகிறான் என்று யாரும் பேசக்கூடாது பாருங்கள்.

முதல் வாரம் அவளை ரெண்டாம் மேசையில் நாலு பேரோடு உட்கார வைத்தார்கள். பள்ளம் பள்ளமாக இருக்கிற ஸ்டீல் தட்டு. ஆயாம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் போட்டே கொண்டுவந்து வைத்துவிடுவார். இவள் தட்டைப் பக்கத்து அம்மாளிடம் தள்ளுவாள். அந்தம்மாள் வெட்கமே இல்லாமல் இரண்டு தட்டையும் தின்றுவிடும். எழுதிக் கொடுத்தேன். தனி மேசை போட்டார்கள். அதுதான் நாலாம் மேசை, ஜன்னல் ஓரம்.

தனி மேசை போட்டும் சாப்பிடவில்லை.

என்ன நடக்கும் தெரியுமா? தட்டு வரும். என்னை நிமிர்ந்து பார்ப்பாள்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

தட்டைப் பார்ப்பாள். என் பக்கம் தள்ளுவாள். நான் அவள் பக்கம் தள்ளுவேன்.

"சாப்டீங்களா?"

"ஆச்சுன்னு சொல்றேன்ல. நீ சாப்பிடு."

மறுபடியும் தள்ளுவாள். இப்படியே நாற்பது நிமிஷம். சோறு ஆறிப்போகும். ஒருநாள் எண்ணினேன், அதே கேள்வியைப் பதினாறு தடவை கேட்டாள். கேட்டதையே கேட்பதுதான் இந்த நோயின் முதல் அறிகுறி என்று ஒரு நோட்டீஸில் போட்டிருந்தது. சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

காலையில் ரெண்டு இட்லி சாப்பிடுகிறாள் என்று ஆயாம்மா சொன்னார். நான் பார்க்கவில்லை, அதனால் நம்பவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. சமையல்காரரைக் கூப்பிட்டு சாம்பாரில் உப்புக் குறைவு என்றேன். சாப்பிட்டுப் பார்த்தீங்களா என்றார். பார்த்தாலே தெரியும் என்றேன். ஸ்பூனில் எடுத்து நானே ஊட்டிப் பார்த்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அதட்டினேன். அழுதாள். சிஸ்டர் ஏதேதோ செய்தார். சிவப்புத் தட்டில் போட்டால் சோறு நன்றாகத் தெரியும் என்றார். குழைத்துப் போட்டார். டேப்பில் பாட்டு வைத்தார். பாட்டுக் கேட்டுக்கொண்டே பட்டினி கிடந்தாள்.

ஒரு புதன்கிழமை டாக்டர் எடை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், ஏறவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி இறக்க வேண்டியதுதான் என்றார்.

"பிடுங்கிப் போட்டுட்டா?"

"பிடுங்கத்தான் செய்வாங்க. கையைக் கட்டி வைக்கணும்."

கையெழுத்துப் போட ஒரு காகிதம் கொடுத்தார்கள். பக்கத்து அறையில் ஒரு பெரியவருக்கு அப்படித்தான் கட்டியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். மெத்தென்ற துணிதான். கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அவர் விரலை மட்டும் மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த வாரம் பார்த்து எனக்குக் கண் ஆபரேஷன். தேதி முன்னமே கொடுத்தது, மாற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். எட்டு நாள் தூசியில் போகக்கூடாது. எட்டு நாளும் வீட்டில் கிடந்தேன். நான் நிற்கும்போதே சாப்பிடாதவள், நான் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவாள்? அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

ஒன்பதாம் நாள் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தேன். சாப்பாட்டு ஹாலில் நுழைகிறேன், நாலாம் மேசையில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். தடியான ஆள். கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு. மேசையைத் தட்டுகிறான்.

"அக்கா! குழம்பு!"

என் பொண்டாட்டி நின்றுகொண்டிருக்கிறாள். கையில் கரண்டி.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்கிறாள்.

"போடுங்கக்கா, வயித்துக்கு வஞ்சகம் பண்ணி என்ன கண்டோம்? மீனு இருக்கா? இல்லியா? செரி விடுங்க, ரசத்த ஊத்துங்க."

சாப்பிட்டான். சாப்பாடா அது! முழங்கை வரைக்கும் வழித்து நக்கினான். பெரிதாக ஒரு ஏப்பம். "கை மணம் அக்கா உங்குளுக்கு. வாறேன், லோடு நிக்குது" என்று எழுந்து வராந்தாவில் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். லோடும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவன் போனதும் இவள் உட்கார்ந்தாள். தனக்குப் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டாள்.

நான் வாசலிலேயே நின்றேன். சாப்டீங்களா என்று அன்றைக்கு அவள் என்னைக் கேட்கவில்லை.

நேரே ரெஜினா சிஸ்டரிடம் போனேன்.

"யார் அவன்?"

"சத்தம் போடாதீங்க அய்யா. எட்டு நாளா அம்மா நல்லா சாப்பிடறாங்க. முக்கால் கிலோ ஏறியிருக்காங்க."

"அவன் யாருன்னு கேட்டேன்."

"அவருக்கும் மறதிதான். லாரி டிரைவரா இருந்தவர். இது ஏதோ ரோட்டோர மெஸ்ஸுன்னு நினைப்பு. நீங்க வராத முதல் நாள் அவராவே வந்து நாலாம் மேசையில உக்காந்து சோறு சோறுன்னு சத்தம் போட்டார். ஆயாம்மா தண்ணி பிடிக்கப் போயிருந்தாங்க. அம்மா எந்திரிச்சுப் போய் வண்டியில இருந்த கரண்டியை எடுத்துட்டாங்க. நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

"தடுக்கலையா?"

"எதுக்கு?"

"சூடு பட்டிருந்தா?"

"படலையே."

"ஊர்பேர் தெரியாத ஒருத்தனுக்கு சோறு போட்டுத்தான் என் பொண்டாட்டி சாப்பிடணுமா?"

"ஊர் தெரியும். சங்ககிரி."

பாருங்கள் தம்பி, இந்த மாதிரிப் பதில்.

மேனேஜருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். என் மனைவி இங்கே ஓய்வாக இருக்க வந்திருக்கிறாள், பரிமாற வரவில்லை. நாற்பத்தாறு வருஷத்தில் நான் அவளை ஒரு வேலைக்கு அனுப்பியதில்லை. வீட்டு வேலையைத் தவிர எந்த வேலையும் அவள் செய்ததில்லை. மேற்படி நபர் அவளை அக்கா என்று அழைப்பதும் சத்தம் போட்டுக் குழம்பு கேட்பதும் முறையற்றது. அவரை வேறு ஹாலுக்கு மாற்ற வேண்டியது. இப்படிக்கு. நான் எழுதினால் மில் நிர்வாகமே பதில் போடும். மேனேஜர் மறுநாளே மாற்றிவிட்டார். மேற்குக் கட்டிடத்தில் இன்னொரு ஹால் இருக்கிறது, அங்கே.

ரெஜினா சிஸ்டர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். நல்லதாகப் போயிற்று என்றிருந்தேன்.

அன்று மத்தியானம் நாலாம் மேசையில் அவள் மட்டும். தட்டு வந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

தட்டு என் பக்கம் வந்தது.

நாலு நாள். ஏறின முக்கால் கிலோ போய், மேலே அரைக் கிலோவும் போயிற்று. ஐந்தாம் நாள் புதன்கிழமை. டாக்டர் மூன்று மணிக்கு வருவார். காகிதம் எங்கே என்று ஆபீஸில் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். குழாயை ஒரு ட்ரேயில் வைத்துத் துணியால் மூடி அவள் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவள் அந்தத் துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். கை சும்மா இருக்காது அவளுக்கு. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

சிஸ்டரிடம் போனேன்.

"அந்த லாரிக்காரனைக் கூப்பிடுங்க."

"நீங்கதான எழுதிக் கொடுத்தீங்க? நீங்களே போய்க் கூப்பிடுங்க."

"நானா?"

"மணி பன்னெண்டு இருபது" என்றுவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போனேன். மேற்கு வராந்தாவில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாப்பிட வா" என்றேன்.

திரும்பியே பார்க்கவில்லை.

முந்நூறு பேரில் ஒருத்தனையும் நான் வாங்க என்று கூப்பிட்டதில்லை தம்பி. மில்லுக்குள் அப்படிக் கூப்பிட்டால் தலைமேல் ஏறிவிடுவார்கள். ஆனால் வராந்தாவில் கடிகாரம் ஓடுகிறது. சொன்னேன்.

"சாப்பிட வாங்க."

"எந்தக் கடை?"

"அக்கா கடை."

"எந்த அக்கா? ரோடு பூராவும் அக்கா கடைதான்."

எட்டு நாள் முழங்கை வழியத் தின்றவன். துளி ஞாபகம் இல்லை.

"குழம்பு ஊத்துவாங்களே, அந்த அக்கா. சோறு சூடா இருக்கும். கை மணம்." அவன் சொன்னதையே அவனிடம் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். "கேட்டது கேட்டது போடுவாங்க. வாங்க, தயவு பண்ணி வாங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீதான் புது க்ளீனரா?"

நான் மேஸ்திரி. சொல்ல வாயெடுத்தேன். மணி பன்னிரண்டு இருபத்தெட்டு.

"ஆமா."

"வயசாயிருச்சேப்பா உனக்கு."

"ஆயிருச்சு."

"செரி, முன்னால போ. பின்னாடி பாத்துச் சொல்லு."

என்ன பின்னாடி பார்ப்பது? பார்த்துக்கொண்டே கூட்டிவந்தேன்.

நாலாம் மேசையில் உட்கார்ந்தான். தட்டினான். "அக்கா! சோறு!" இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எழுந்துவிட்டாள். சிஸ்டர் ஏற்கெனவே பாத்திரங்களைக் கொண்டுவந்து மேசை மேலேயே வைத்திருந்தார், கரண்டியோடு. எப்போது வைத்தார் என்று தெரியாது. இவள் போட்டாள். நான் வழக்கம்போல நாற்காலி பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அவன் சோற்றில் கையை வைத்தவன் நிறுத்திவிட்டான்.

"டேய் க்ளீனரு. அங்க என்ன மானத்தப் பாத்துட்டு நிக்கற? உக்காரு."

"நான் சாப்ட்டேன்."

"எங்க சாப்ட்ட? வண்டி நிக்காம நீ எந்தக் கடையில சாப்ட்ட? இறங்கித் திருட்டுத்தனமாத் தின்னியா?"

ஹால் பூராவும் பார்க்கிறது.

"பசிக்கலை."

"உனக்குப் பசிக்காட்டி போ. நீ இப்பிடி வட்டி வாங்க வந்த ஈட்டிக்காரனாட்டம் நின்னுட்டிருந்தா அந்தக்கா எப்பச் சாப்பிடும்? அதுக்குப் பசிக்காதா? ஆம்பளைங்க தின்னு முடிக்காம அது உக்காருமா? ரோட்டுல இத்தன வருசம் ஓடியிருக்கற, இதுகூடத் தெரியாதா உனக்கு? உக்காருடா!"

உட்கார்ந்தேன்.

அவள் என் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். குனிந்து கேட்டாள்.

"சாப்டீங்களா?"

பதினோரு மணிச் சோறு தொண்டை வரைக்கும் நிற்கிறது.

"இல்லை" என்றேன்.

போட்டாள் பாருங்கள். சோறு, பருப்பு, கத்திரிக்காய். குழி பறித்துக் குழம்பு. போதும் என்றால் இன்னொரு கரண்டி. தயிரைத் தனியாக ஒரு கிண்ணத்தில் ஊற்றி என் இடது கைப் பக்கம் வைத்தாள். வீட்டில் வைக்கிற அதே இடம். தின்றேன். இரண்டாவது சாப்பாடு, இரண்டு மணி நேரத்துக்குள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

முடித்துவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

"டிரைவர் எந்திரிக்காம நீ எந்திரிக்கறயா? ஒழுக்கமா வளந்தவனா நீ?" என்றான்.

மறுபடியும் உட்கார்ந்தேன். காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் பார்த்தேன். தட்டுகளை ஒருமுறை பார்த்தாள், அவனுடையது, என்னுடையது. இரண்டும் காலி. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அடியில் இருந்த சோற்றைத் தனக்குப் போட்டுக்கொண்டாள். குழம்பை ஊற்றி அதன் மேலேயே தயிரையும் ஊற்றிப் பிசைந்தாள். ஒரு பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டாள். அவள் பச்சை மிளகாய் கடிப்பாள் என்று எனக்குத் தெரியாது. கத்திரிக்காயைத் தட்டு ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டாள். சரியாக வேகவில்லை என்று நினைக்கிறேன். மெதுவாகத்தான் சாப்பிடுகிறாள். நடுவில் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். அவசரமே இல்லை. நாற்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். சிஸ்டர் அவரிடம் தனியாகப் பேசினார். ட்ரேயை எடுத்துக்கொண்டு போனார்கள். துணியை மட்டும் அவள் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள், மடித்து வைத்துக்கொண்டாள். டாக்டர் தான் எழுதிக் கொடுத்த டானிக் வேலை செய்கிறது என்றார். அந்த டானிக் பாட்டிலை யாரும் திறக்கவே இல்லை. ஆனால் படித்தவர்.

இப்போது ஐம்பத்திரண்டு கிலோ. இங்கே எல்லா மேசையிலும் பாத்திரம் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள், முடிகிறவர்கள் போடட்டும் என்று. மூன்றாம் மேசையில் ஒரு ரிட்டையர்டு தாசில்தார் அப்பளம் மட்டும் விநியோகம் செய்கிறார், ஆளுக்கு ஒன்றுக்கு மேல் கொடுப்பதில்லை. உங்கள் அம்மாவை எந்த மேசையில் போடுவார்கள் என்று தெரியாது. தாசில்தார் மேசையில் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் பதினோரு மணிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். மெஸ்காரர் ஏன் என்றார். நேரத்தை மாற்றிக்கொண்டேன் என்றேன். மற்றபடி என்னிடம் தவறு எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த ஃபாரத்தில் காலியாக விட்ட இடத்தை ரெஜினா சிஸ்டர் அன்றைக்கே என்னிடம் சரியாகக் கேட்டு நிரப்பியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. கேட்டார் என்கிறார். இருக்கலாம்.

மணி அடித்துவிட்டார்கள். கேட்டதா? நான் போக வேண்டும். மேற்கு வராந்தாவில் போய் ஆளைக் கூட்டிவர வேண்டும். நீதான் புது க்ளீனரா என்று கேட்பார். தினம் கேட்கிறார். ஆமாங்க என்பேன். வயசாயிருச்சே என்பார். லேட்டானால் திட்டு விழும். கெட்ட வார்த்தை எல்லாம் வரும்.

சிஸ்டர் ரிஜிஸ்டரில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? 'பரிமாறும் முறை மாற்றப்பட்டது', கீழே அவர் கையெழுத்து. எழுதிக்கொள்ளட்டும். அது யார் செய்தது என்று இந்த ஹாலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், செய்தவரைத் தவிர. அவருக்கு ஞாபகம் இல்லை. சங்ககிரிக்காரர். பேர் அங்கமுத்து.